ஒரு வாக்கியத்துக்கு என்ன கூலி?

இந்தியாவில் காப்புரிமை விண்ணப்பங்கள் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. அவற்றை எழுதித் தரும் பேட்டன்ட் ஏஜென்ட்களில் சிலர் டாலரில் பில் போடுகிறார்கள். பலர் முப்பதாயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் நிற்கிறார்கள். இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது?

2007 ஆகஸ்ட் கடைசியில் டி.வி.எஸ். நிறுவனம் ‘ஃபிளேம்’ என்ற 125 சிசி பைக்கை அறிவித்தது. அதன் என்ஜினில் இரண்டு ஸ்பார்க் பிளக். “இரட்டைப் பிளக் எங்களுடையது” என்று புனேயிலிருந்து கிளம்பியது பஜாஜ். விவகாரம் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. கறுப்பு கோட்டுக்காரர்கள் மெக்கானிக் ஷெட்டில் பேசுகிற விஷயங்களை எல்லாம் பேசினார்கள்: சிலிண்டர் என்ன விட்டம், வால்வு எத்தனை, பிளக் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பஜாஜ் கையில் இருந்தது 195904 என்ற எண் கொண்ட காப்புரிமை. சிலிண்டர் உள்விட்டம் 45 முதல் 70 மில்லிமீட்டருக்குள் இருக்கும் சிறிய என்ஜினில், பெட்ரோல் குறைந்த கலவையை இரண்டு பிளக் வைத்து எரிப்பது பற்றி அதில் எழுதியிருந்தது. டி.வி.எஸ். என்ஜினும் அந்த அளவுக்குள்தான் வருகிறது. ஆனால் எங்களுடையதில் மூன்று வால்வு, அவர்களுடையதில் இரண்டே வால்வு என்றது டி.வி.எஸ். தரப்பு. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி இடைக்காலத் தடை போட்டார். 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் இரு கம்பெனிகளும் சமாதானமாகப் போனது 2019-ல்.

பன்னிரண்டு ஆண்டுகள், ஒரு புது பைக்கின் வியாபாரம், இரண்டு பெரிய கம்பெனிகளின் வழக்குச் செலவு. அத்தனையும் சுற்றிச் சுற்றி வந்தது காப்புரிமைப் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் ஒருசில வாக்கியங்களை. அவற்றைத் துறைக்காரர்கள் ‘கிளெய்ம்’ என்பார்கள். கண்டுபிடிப்பில் எது எனக்கே எனக்கு, எது ஊருக்குப் பொது என்று எல்லை போடும் வாக்கியம் அது. ஒரு சொல் கூடினால் எல்லை சுருங்கும். ஒரு சொல் குறைந்தால் பழைய கண்டுபிடிப்பு ஏதாவது ஒன்றோடு மோதி விண்ணப்பமே விழும்.

இந்த வாக்கியங்களை எழுதுவதுதான் பேட்டன்ட் ஏஜென்டின் வேலை. கல்லூரி வளாகங்களில் இன்று இந்த வேலையைப் பற்றி நிறையப் பேச்சு. பி.இ. முடித்துவிட்டு ஐ.டி. வேலை கிடைக்காதவர்கள், முனைவர் பட்டம் வாங்கியும் உதவிப் பேராசிரியர் வேலைக்குக் காத்திருப்பவர்கள், பெரிய கம்பெனி ஆய்வகங்களில் சலித்துப்போனவர்கள் எனப் பலரும் இந்தப் பக்கம் பார்க்கிறார்கள். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: மாசம் எவ்வளவு வரும்?

சான்றிதழ் தருவது அனுமதி மட்டும்

பெட்டிச் செய்தி: பேட்டன்ட் ஏஜென்ட் ஆக என்ன வேண்டும்?

1970-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 126-வது பிரிவு சொல்வது இது. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 21 வயது முடிந்திருக்க வேண்டும். அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம் வேண்டும். பிறகு தேர்வு: இரண்டு எழுத்துத் தாள், ஒரு நேர்முகம். இரண்டு தாளிலும் தலா 50 மதிப்பெண், மொத்தத்தில் 60 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. காப்புரிமை அலுவலகத்தில் பத்தாண்டுகள், விண்ணப்பத்தை ஆராயும் எக்ஸாமினராகவோ முடிவெடுக்கும் கன்ட்ரோலராகவோ இருந்தவருக்குத் தேர்வு தேவையில்லை. பதிவில்லாமல் ஏஜென்ட் தொழில் செய்தால், 2023-ல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டத் திருத்தத்தின்படி 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இதில் முதல் சிக்கல், தேர்வு வருஷா வருஷம் தவறாமல் வருவதில்லை. 2018-க்குப் பிறகு அடுத்த தேர்வு எழுத 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் கொரோனாவும் வந்தது. அந்த ஐந்தாண்டில் இந்த வேலைக்கு வந்தவர்கள் அனுபவம் இருந்தும் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட முடியாமல், சீனியர் ஒருவரின் பதிவு எண்ணுக்குக் கீழே வேலை செய்தார்கள். சம்பள உயர்வு கேட்டுப் போனால், “முதலில் எக்ஸாம் முடி” என்பதே பதில். தேர்வே நடக்காதபோது எதை முடிப்பது?

சென்னை, பெங்களூரு, டெல்லி வட்டாரத்தில் துறைக்குள் இருப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் சம்பளத் தொகைகள் இவை. பழைய காப்புரிமைகளைத் தேடிப் பட்டியல் போடும் ‘சர்ச்’ வேலைக்குப் புதிதாகச் சேருபவருக்கு ஆண்டுக்கு 3 முதல் 5 லட்சம் ரூபாய். தேர்வு முடித்து, நான்கைந்து ஆண்டுகள் விண்ணப்பம் எழுதிப் பழகியவருக்கு 6 முதல் 12 லட்சம். எலக்ட்ரானிக்ஸ், தொலைத்தொடர்பு, மருந்து வேதியியல் போன்ற கடினமான துறைகளில் பத்தாண்டு அனுபவம் இருந்தால் 15 முதல் 25 லட்சம். பன்னாட்டுக் கம்பெனி ஒன்றின் உள்ளேயே காப்புரிமைப் பிரிவைக் கவனிப்பவர்கள் அதற்கும் மேலே போவார்கள். சொந்த அலுவலகம் வைத்தவரின் வருமானம் எந்தப் பட்டியலிலும் அடங்காது. நல்ல மாதமும் உண்டு, வறண்ட மாதமும் உண்டு.

ஏஜென்ட் எழுதுவதைப் படித்து ஆய்வறிக்கை தரும் அரசு எக்ஸாமினரின் சம்பளம் இதோடு ஒப்பிடத்தக்கது. ஏழாவது ஊதியக் குழுவின் 10-வது நிலை. அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. பஞ்சப்படியும் வீட்டு வாடகைப்படியும் சேர்ந்தால் சென்னை மாதிரி ஊரில் மொத்தம் லட்சத்தை ஒட்டி வரும். 2023-ல் 553 எக்ஸாமினர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது, தனியார் அலுவலகங்களில் இருந்த இளம் ஏஜென்ட்களும் பாடப் புத்தகத்தைத் தூசி தட்டினார்கள். ஆச்சரியமில்லை. முதல் மாதச் சம்பளத்திலேயே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

யார் பணம் கட்டுகிறார் என்பதே கணக்கு

ஏஜென்ட் இவ்வளவுதான் வாங்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அரசுக்குக் கட்ட வேண்டிய கட்டணத்துக்கு அட்டவணை உண்டு. ஏஜென்ட் கட்டணம் பேரம்தான். அதனால் ஒரே திறமை உள்ள இரண்டு பேர் ஒரே ஆண்டில் வெவ்வேறு உலகத்தில் வாழ்கிறார்கள். காரணம், அவரவர் வாசலுக்கு வரும் கட்சிக்காரர்.

முதல் வகை, வெளிநாட்டுக் கம்பெனி. ஏற்கெனவே அமெரிக்காவிலோ ஜப்பானிலோ எழுதி முடித்த விண்ணப்பத்தை பி.சி.டி. என்ற சர்வதேச ஒப்பந்த வழியாக 31 மாதத்துக்குள் இந்தியாவுக்குக் கொண்டுவருவார்கள். இந்தியாவில் அதிகமாக விண்ணப்பிக்கும் அந்நியக் கம்பெனிகளில் குவால்காம் பல ஆண்டுகளாக முன்வரிசையில் இருக்கிறது. இங்குள்ள ஏஜென்ட் எழுத வேண்டியது குறைவு. படிவங்கள், கெடு தேதிகள், அலுவலகத்தின் ஆட்சேபங்களுக்குப் பதில். கட்டணம் டாலரில் வரும், நேரத்துக்கு வரும். டெல்லியின் பெரிய அறிவுசார் சொத்துரிமை (ஐ.பி.) அலுவலகங்கள் பல தலைமுறையாக நிற்பது இந்த அஸ்திவாரத்தில்தான். ஆனால் அந்தப் பணத்தில் வரைவை எழுதும் இளைஞருக்குப் போவது சிறு பங்கு. கட்சிக்காரரோடு உறவு வைத்திருப்பவர் பார்ட்னர், பங்கும் அவருக்கே.

இரண்டாவது வகை, உள்நாட்டுப் பெரிய கம்பெனி. மருந்து, வாகனம், மென்பொருள். இவர்களுக்கு ஆண்டுக்கு நூறு விண்ணப்பம் என்று மொத்தமாகக் கொடுத்து, ஒன்றுக்கு இவ்வளவு என்று நிர்ணயம் செய்யத் தெரியும். பேரத்தில் கெட்டிக்காரர்கள். வேலை நிலையாக இருக்கும், விலை ஏறாது.

மூன்றாவது, தனி ஆள், ஸ்டார்ட்அப், சிறுதொழில், கல்லூரி. எண்ணிக்கை பெருகிக்கொண்டே போவது இங்கேதான். 2014-15-ல் இந்தியாவில் 42,763 விண்ணப்பங்கள். 2022-23-ல் அது 82,811. 2023-24-ல் 92,168. அடுத்த ஆண்டு 1.10 லட்சத்தைத் தாண்டியது. 2022-ன் முதல் மூன்று மாதங்களில், பதினோரு ஆண்டுகளில் முதன்முறையாக, இந்தியர்களின் விண்ணப்பங்கள் வெளிநாட்டவருடையதை முந்தின. அண்மைய ஆண்டுகளில் மாநிலங்களில் தமிழ்நாடுதான் முதலிடம்.

விண்ணப்பம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. அப்படியானால் எழுதுபவரின் கூலியும் ஏறியிருக்க வேண்டுமே? பெரும்பாலான இடங்களில் ஏறவில்லை. சில இடங்களில் இறங்கியிருக்கிறது.

பெட்டிச் செய்தி: அரசே வைத்த விலை

ஸ்டார்ட்அப்களுக்காக மத்திய அரசு 2016-ல் கொண்டுவந்த திட்டத்தில், ஏஜென்ட் கட்டணத்தை அரசே கொடுத்துவிடும். 2022-ல் உயர்த்தப்பட்ட விகிதப்படி, விண்ணப்பம் போடும்போது 15,000 ரூபாய். எதிர்ப்பு மனு இல்லாமல் முடிவானால் மேலும் 25,000. எதிர்ப்பு வந்து வாதாடி முடித்தால் 35,000.

ஒரு நல்ல விண்ணப்பத்தை எழுத 40 மணி நேரம், பிறகு ஆட்சேபங்களுக்குப் பதில், விசாரணை என்று 15 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 40,000 ரூபாயை 55-ஆல் வகுக்க வேண்டும். மணிக்கு ஏறத்தாழ 727 ரூபாய். அதுவும் இரண்டாம் தவணை வர ஓரிரு ஆண்டுகள் ஆகலாம். அமெரிக்காவில் ஓரளவு சிக்கலான ஒரு விண்ணப்பம் எழுத மட்டும் பத்தாயிரம் டாலரைத் தாண்டி வாங்குவது சாதாரணம். அங்கே அனுபவமுள்ள ஏஜென்டின் ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலருக்கு மேல் போகிறது. அதற்குப் பதிலாக, ஆண்டுக்கு 1,800 மணி நேரம் போல பில் போட வேண்டும் என்ற இலக்கு கழுத்தில் தொங்கும்.

கல்லூரிகளின் பந்தயம்

கூலி இறங்கிய கதையைக் கல்லூரிகளில் தொடங்க வேண்டும். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் காப்புரிமைக்கு மதிப்பெண் உண்டு. வழங்கப்பட்ட காப்புரிமைக்கு மட்டுமல்ல, வெளியான விண்ணப்பத்துக்கும் உண்டு. இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் வெளியே பலருக்குத் தெரியாது. விண்ணப்பம் போட்டால் 18 மாதத்தில் அது தானாகவே இதழில் வெளியாகும். அவசரம் என்றால் ஒரு படிவமும் கூடுதல் கட்டணமும் கட்டினால் சில வாரங்களிலேயே வெளியாகிவிடும். அந்தக் கட்டத்தில் கண்டுபிடிப்பு புதியதா பழையதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

2021 செப்டம்பரில் கல்வி நிறுவனங்களுக்கான கட்டணம் 80 சதவீதம் குறைக்கப்பட்டது. விண்ணப்பத்துக்கு 1,600 ரூபாய், சீக்கிரம் வெளியிட 2,500. ஆக 4,100 ரூபாய் அரசுக் கட்டணத்தில் ஒரு ‘பப்ளிஷ்டு பேட்டன்ட்’ தயார். ஏழை ஆய்வாளருக்கு உதவ வந்த சலுகைதான் இது, நோக்கத்தில் குறையில்லை. ஆனால் மதிப்பெண்ணும் மலிவும் ஒன்று சேர்ந்தபோது வேறொரு சந்தை திறந்தது.

துறைத் தலைவர் ஆளுக்கு ஓர் ஐடியா கேட்கிறார். மார்ச் மாதத்துக்குள் வெளியாக வேண்டும். ஏஜென்டிடம் ஐம்பது விண்ணப்பம் மொத்தமாகப் பேசுகிறார்கள். ஒன்றுக்கு நாற்பதாயிரம் கேட்டவர் வெளியே நிற்க, ஐயாயிரத்துக்கு முடிப்பவர் உள்ளே போகிறார். ஐயாயிரத்துக்கு நாற்பது மணி நேரம் உட்கார்ந்து எழுத யாராலும் முடியாது. எனவே ‘இன்டர்நெட் ஆஃப் திங்ஸ் மூலம் அது’, ‘செயற்கை நுண்ணறிவு மூலம் இது’ என்று பெயர் மட்டும் மாறி, உடம்பு ஒன்றாகவே இருக்கும் விண்ணப்பங்கள் வரிசை கட்டுகின்றன. வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் ஒரு படி மேல்: கண்டுபிடிப்பாளர் பட்டியலில் ஓர் இடத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று விளம்பரம். பிரிட்டனில் வடிவமைப்புப் பதிவு சுலபமாகக் கிடைக்கும் என்பதால் அதையே ‘யு.கே. பேட்டன்ட்’ என்று விற்கும் தரகர்களும் முளைத்திருக்கிறார்கள். வடிவமைப்புப் பதிவு காப்புரிமையே அல்ல. வாங்குபவர்களில் பலருக்கும் அது தெரியும் என்பதுதான் வேடிக்கை.

இதன் அடி நேர்மையாக எழுதும் ஏஜென்ட் மேல் விழுகிறது. கோவையில் பம்ப் செட் பாகம் ஒன்றைச் செப்பனிட்டுப் புதிதாக ஏதோ செய்த பட்டறைக்காரர் விலை விசாரிக்க வருகிறார். “பக்கத்துக் கல்லூரியில் ஐயாயிரம் என்றார்களே சார்?” இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு மணி நேரம் ஆகிறது. அந்த ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. சிறுதொழிலுக்கு மத்திய அரசு உள்நாட்டுக் காப்புரிமைச் செலவில் 1 லட்சம் ரூபாய் வரை திருப்பித் தரும் திட்டம் இருக்கிறது. ஆனால் காப்புரிமை கைக்கு வந்த பிறகுதான் அந்தப் பணம். அதுவரை பட்டறைக்காரர் சொந்தப் பணத்தைப் போட வேண்டும். அவர் தயங்கினால் ஏஜென்ட் கடன் சொல்லி எழுத வேண்டும்.

பில் வந்த பிறகும் பாடு தீராது. தொழில்முறைக் கட்டணம் என்பதால் கம்பெனிகள் 10 சதவீத டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு தரும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஏஜென்ட் 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டு வசூலிக்க வேண்டும். அதே வேலையை வக்கீலாகவும் இருப்பவர் சட்டச் சேவை என்று செய்தால், வரியைக் கட்டும் பொறுப்பு பெரும்பாலும் கட்சிக்காரர் பக்கம் போய்விடும். இன்புட் வரிச் சலுகை எடுக்க முடியாத தனி ஆளிடம் இந்த 18 சதவீதத்தைச் சேர்த்துக் கேட்கும்போது பேரம் மறுபடி தொடங்குகிறது.

கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

வருமானத்தைத் தீர்மானிக்கும் இன்னொரு சுவர், சட்டப் பட்டம். 2005 வரை பட்டதாரி வக்கீல் ஒருவர் தேர்வு எழுதாமலே காப்புரிமை ஏஜென்டாகப் பதிவு செய்துகொள்ளலாம். 2005 திருத்தம் அந்த வழியை அடைத்தது. சென்னை வக்கீல் ஒருவர் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 2013 மார்ச்சில், அந்தத் திருத்தப் பகுதி அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் புதிதாகத் தேர்வு எழுத வருபவருக்கு அறிவியல் பட்டம் வேண்டும் என்ற நடைமுறை தொடர்கிறது.

அமெரிக்காவில் இதே சண்டை தலைகீழாக நடந்தது. ஃபுளோரிடாவில் வக்கீல் அல்லாத ஏஜென்ட் ஒருவர் அலுவலகம் திறந்து காப்புரிமை வேலை பார்த்தார். மாநில வக்கீல் சங்கம், சட்டத் தொழிலை அனுமதியில்லாமல் செய்கிறார் என்று வழக்குப் போட்டது. 1963-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மத்திய காப்புரிமை அலுவலகம் அனுமதித்த வேலையை மாநிலம் தடுக்க முடியாது என்று ஏஜென்ட் பக்கம் நின்றது. அந்த நாட்டு ஏஜென்ட்களின் பிழைப்பு அன்று உறுதியானது. இருந்தாலும் கோர்ட் படியேற முடியாது என்ற எல்லை அங்கும் உண்டு. அதனால்தான் பல ஏஜென்ட்கள் பகலில் விண்ணப்பம் எழுதி, இரவில் சட்டம் படித்து அட்டர்னி ஆகிறார்கள். சில அலுவலகங்கள் அந்தப் படிப்புக்கு ஃபீஸும் கட்டுகின்றன.

இந்தியாவில் இந்தச் சுவர் 2021-ல் இன்னும் உயர்ந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் இயங்கிவந்தது. கன்ட்ரோலர் விண்ணப்பத்தை நிராகரித்தால் மேல்முறையீடு அங்கே போகும். வக்கீல் அல்லாத ஏஜென்டாலும் அங்கே நின்று பேச முடிந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் வாரியம் கலைக்கப்பட்டு, மேல்முறையீடுகள் உயர்நீதிமன்றங்களுக்குப் போயின. சென்னை உயர்நீதிமன்றம் 2023-ல் இதற்கென்று தனிப் பிரிவே தொடங்கியது. தீர்ப்புகள் வேகமாக வருகின்றன. நோவோசைம்ஸ் கம்பெனியின் மேல்முறையீட்டில் அந்த ஆண்டே முக்கியமான தீர்ப்பு வந்தது. துறைக்கு நல்லது. ஆனால் வக்கீல் அல்லாத ஏஜென்டுக்கு? பத்தாண்டு ஒரு விண்ணப்பத்தைச் சுமந்தவர், அது கோர்ட்டுக்குப் போன நாளில் ஃபைலை வக்கீலிடம் கொடுத்துவிட்டு, பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்புச் சீட்டு நீட்ட வேண்டியிருக்கிறது. பெரிய கட்டணம் முன்வரிசைக்குப் போகிறது.

மாலை நேரச் சட்டக் கல்லூரிகளில் வேதியியல் முனைவர்களைப் பார்க்க முடிவதற்கு இதுவே காரணம்.

பெட்டிச் செய்தி: பங்கா இழுத்த முதல் விண்ணப்பம்

1856 மார்ச் 3. கல்கத்தாவில் இருந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற சிவில் எஞ்சினியர், கூரையில் தொங்கும் பங்காவை இழுக்க ஓர் இயந்திரம் செய்திருப்பதாகவும், அதற்குத் தனியுரிமை வேண்டும் என்றும் மனு கொடுத்தார். இந்தியாவின் முதல் காப்புரிமை விண்ணப்பம் அது. கண்டுபிடித்தவரே விண்ணப்பத்தையும் பார்த்துக்கொண்டார். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் இன்றும் சென்னையில் காப்புரிமைத் தொழில் செய்கிறது.

எந்தப் பாடம் காசு தரும்?

கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் சென்னைக் காப்புரிமை அலுவலகம் கண்ட மிகப் பெரிய வழக்கு, நோவார்ட்டிஸ் கம்பெனியின் ரத்தப் புற்றுநோய் மருந்து கிளிவெக். 1998-ல் இங்கே தாக்கலான விண்ணப்பம் 2006-ல் நிராகரிக்கப்பட்டது. 2013 ஏப்ரல் 1-ம் தேதி உச்ச நீதிமன்றமும் மறுத்தது. மையப் புள்ளி, சட்டத்தின் 3(டி) பிரிவு: தெரிந்த ஒரு மருந்துப் பொருளின் புது வடிவம், பலன் கூடியதாக நிரூபிக்காதவரை கண்டுபிடிப்பு ஆகாது.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு மருந்து விண்ணப்பம் எழுதுபவரின் வேலையே மாறியது. இந்த உப்பு அந்த உப்பைவிட நன்றாகக் கரைகிறது என்று எழுதினால் போதாது. நோயாளிக்கு என்ன கூடுதல் குணம் என்று சோதனைத் தரவோடு காட்ட வேண்டும். தரவைப் படித்து, எது போதும், எது போதாது என்று சொல்ல ஆழமான வேதியியல் அறிவு வேண்டும். அந்த அறிவு உள்ளவர் கேட்கும் தொகைக்கு மருந்துக் கம்பெனிகள் பெரிதாகப் பேரம் பேசுவதில்லை. மென்பொருளில் 3(கே) பிரிவு அதே வேலையைச் செய்கிறது. ‘கம்ப்யூட்டர் புரோகிராம் மட்டும்’ என்றால் காப்புரிமை கிடையாது. அதனால் அந்தப் புரோகிராம் இயந்திரத்துக்குள் தொழில்நுட்பரீதியாக என்ன மாற்றம் செய்கிறது என்று எழுதிக் காட்டத் தெரிந்தவருக்கு மதிப்பு.

சப்ளை கணக்கும் உண்டு. உயிரியல் துறையில் முனைவர்கள் ஏராளம், வெளியே வேலை குறைவு. எனவே அவர்கள் குறைந்த சம்பளத்துக்கும் இங்கே வருகிறார்கள். எலக்ட்ரானிக்ஸ் எஞ்சினியரை ஐ.டி. கம்பெனியும் சிப் வடிவமைப்புக் கம்பெனியும் இழுக்கின்றன. அவரைத் தக்கவைக்க ஐ.பி. அலுவலகம் கூடுதலாகத்தான் கொடுக்க வேண்டும். மெக்கானிக்கல் இரண்டுக்கும் நடுவில். படம் வரையத் தெரிந்த மெக்கானிக்கல்காரருக்கு மட்டும் எப்போதும் கொஞ்சம் கிராக்கி.

மொழியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பட்டியல் முடியாது. விண்ணப்பம் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான் கொடுக்க முடியும். தமிழ்நாட்டில் பட்டறைக்காரர் தமிழில்தான் விளக்குவார். அவர் கையசைவில் காட்டுவதைப் புரிந்துகொண்டு, அவர் முக்கியமில்லை என்று தாண்டிப்போகும் ஒரு ஸ்க்ரூவில்தான் புதுமை இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை இறுக்கமான ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாக எழுத வேண்டும். இந்தத் திறமைக்குச் சந்தை இன்னும் சரியான விலை வைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் தனியாக, சிறிய அலுவலகத்தில், குறைந்த கட்டணத்துக்கு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மலிவின் மிச்சம்

ஏஜென்டின் கவனக்குறைவு யாரைக் கடிக்கிறது என்று 2024-ல் டெல்லி உயர்நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு காட்டியது. தையல் இயந்திரம் தொடர்பான கண்டுபிடிப்புக்கு ஒருவர் விண்ணப்பித்திருந்தார். காப்புரிமை அலுவலகம் ஆய்வறிக்கை அனுப்பியது, பதில் போகவில்லை, விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்பட்டது. தமக்கு விஷயமே சொல்லப்படவில்லை என்றார் விண்ணப்பதாரர். நீதிமன்றம் அவருக்கு மறுவாய்ப்புக் கொடுத்ததோடு நிற்கவில்லை. காப்புரிமை ஏஜென்ட்களுக்கும் டிரேட்மார்க் ஏஜென்ட்களுக்கும் நடத்தை விதிகள் வகுக்க வேண்டும் என்று தலைமைக் கன்ட்ரோலருக்கு உத்தரவிட்டது. வக்கீலைக் கண்டிக்க பார் கவுன்சில் இருக்கிறது. ஆடிட்டருக்கு ஒரு நிறுவனம் இருக்கிறது. காப்புரிமைச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகுதான் ஏஜென்டின் ஒழுங்கைப் பற்றிய கேள்வி இப்படிக் கோர்ட் வழியாக எழுந்திருக்கிறது.

விதிகள் வந்தால் செலவும் வரும். கெடு தேதிகளைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள், கட்சிக்காரருக்கு எழுத்தில் தகவல், கோப்புப் பாதுகாப்பு. ஐயாயிரம் ரூபாய்க்கு விண்ணப்பம் போட்டவரால் இதைத் தாங்க முடியாது. பெரிய அலுவலகங்கள் ஏற்கெனவே வைத்திருக்கின்றன. நடுவில் இருக்கும் தனி ஏஜென்ட்கள் கட்டணத்தைக் கூட்ட வேண்டியிருக்கும், அல்லது பெரிய அலுவலகத்தில் ஐக்கியமாக வேண்டியிருக்கும்.

இதற்குள் செயற்கை நுண்ணறிவும் வாசலுக்கு வந்துவிட்டது. கண்டுபிடிப்பைப் பத்து வரியில் கொடுத்தால் இருபது பக்க வரைவை நிமிடத்தில் தள்ளும் கருவிகள் விற்பனைக்கு இருக்கின்றன. பின்னணி, படங்களின் விளக்கம் போன்ற பக்கங்களுக்கு அவை உதவும். கண்டுபிடிப்பின் எல்லையைப் போடும் முதல் வாக்கியத்துக்கு இன்னும் ஆள் வேண்டும். ஆனால் பக்கக் கணக்கில் கூலி பேசிய கட்சிக்காரர், இனி அதைக் காட்டிக் குறைக்கச் சொல்வார். தேடல் வேலையில் 3 லட்சத்துக்குச் சேருபவரின் நாற்காலிதான் முதலில் ஆடும்.

அதைவிடப் பக்கத்தில் இருக்கிறது இன்னொரு கணக்கு. விண்ணப்பம் போட்டால் மட்டும் பரிசீலனைக்கு வராது. தனியாகக் கோரிக்கை வைத்து, தனி நபர், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் என்றால் 4,000 ரூபாய் கட்ட வேண்டும். 2024 விதித் திருத்தம் இதற்கான கெடுவை 48 மாதத்திலிருந்து 31 மாதமாகச் சுருக்கியது. கடந்த சில ஆண்டுகளில் கல்லூரிகளிலிருந்து கொத்துக்கொத்தாகப் போன விண்ணப்பங்களில், கோரிக்கை வைத்தவை ஒவ்வொன்றாக எக்ஸாமினர் மேசைக்கு வருகின்றன. ஆய்வறிக்கை வந்தால் பதில் எழுத ஆறு மாதம். அந்தப் பதிலுக்கு ஏஜென்ட் தனிக் கட்டணம் கேட்பார். ஐயாயிரம் ரூபாய் ஒப்பந்தத்தில் அது இல்லை. கல்லூரி நிதி அலுவலரிடம் அந்த பில் போய்ச் சேரும்போது, கண்டுபிடிப்பாளர் பட்டியலில் முதல் பெயராக இருந்த பேராசிரியர் வேறு கல்லூரிக்கு மாறிப் போயிருப்பார்.